நியூயார்க் மாநகராட்சியிடம் வேலை எடுப்பது எப்படி: சிறுதொழில் நடத்தும் தமிழர்களுக்கு

சான்றிதழ் வந்த அன்றே அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். குவீன்ஸில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். விசிட்டிங் கார்டு, பேனர், துண்டறிக்கை, அவ்வப்போது கல்யாணப் பத்திரிகை. சிறுபான்மையினரும் பெண்களும் நடத்தும் நிறுவனங்களுக்கான சான்றை நியூயார்க் மாநகராட்சியே கொடுத்துவிட்டது, இனி ஆர்டர் தானாக வரும் என்று நம்பினேன். பதினான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்த முதல் வேலை 1,800 டாலருக்கு. அதற்கும் பில்லைத் தவறாகப் போட்டு அது திரும்பி வந்தது.

இதே வழியில் இறங்க நினைக்கும் தமிழர்கள், குறிப்பாக வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள், என்னிடம் கேட்பதெல்லாம் சான்றிதழ் வாங்குவது பற்றித்தான். அது பாதி வேலைகூட இல்லை. சான்று பெற்ற நிறுவனங்கள் 10,000-க்கும் மேல் இருக்கின்றன. ஆனால் மாநகராட்சியின் மொத்த ஒப்பந்த மதிப்பில் இவர்களுக்குப் போவது 5 சதவீதத்தை ஒட்டித்தான் என்று நகரின் கணக்குக் கண்காணிப்பாளர் அலுவலகம் தன் ஆண்டறிக்கைகளில் காட்டியிருக்கிறது. அதனால் சான்று வாங்குவதைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகானதை விரிவாகச் சொல்கிறேன்.

இது இட ஒதுக்கீடு இல்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட வேண்டும். நம் ஊரில் 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பெண்களுக்கு 3 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 4 சதவீதம். அதே கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் இங்கேயும் விண்ணப்பிக்கிறார்கள். இனத்தை வைத்து அமெரிக்க நகரங்கள் அப்படி ஒதுக்கிவைக்க முடியாது.

1970-களில் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயர் மேனார்ட் ஜாக்சன், விமான நிலையக் கட்டுமானத்தில் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பங்கு தந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்று சாதித்தார். மற்ற நகரங்களும் அந்த வழியில் போயின. விர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம், ஒப்பந்தம் எடுப்பவர் அதன் மதிப்பில் 30 சதவீதத்தைச் சிறுபான்மை நிறுவனங்களுக்கு உள்ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்று விதித்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் பிறகு எந்த நகரமானாலும், தன் எல்லைக்குள் பாகுபாடு நடந்திருப்பதைப் புள்ளிவிவர ஆய்வோடு காட்டிய பிறகுதான் இப்படி ஒரு திட்டத்தை நடத்த முடியும். அப்போதும் வைக்கக்கூடியது இலக்கு மட்டுமே, ஒதுக்கீடு வைக்க முடியாது. நியூயார்க்கின் இன்றைய திட்டம் 2005-ஆம் ஆண்டின் 129-ஆம் உள்ளாட்சிச் சட்டத்தில் தொடங்கி, 2013-இலும் 2019-இலும் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. சிறுபான்மையினர், பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, எம்.டபிள்யூ.பி.இ. என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

ஆகவே, உங்களுக்கென்று தனியாக எடுத்துவைத்த வேலை எங்கேயும் இல்லை. சில கதவுகள் மற்றவர்களைவிட உங்களுக்குச் சுலபமாகத் திறக்கும், அவ்வளவுதான். அவை எந்தக் கதவுகள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதல் படி: தகுதி இருக்கிறதா?

நிறுவனத்தில் குறைந்தது 51 சதவீதம் பெண்களுக்கோ குறிப்பிட்ட சிறுபான்மை இனத்தவருக்கோ சொந்தமாக இருக்க வேண்டும். அவர்களே அதை நடத்தவும் வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தாலும் இலங்கையிலிருந்து வந்தாலும் நாம் ஆசியர் என்ற வகைக்குள் வருவோம். பெண்ணாக இருந்தால் இரண்டு வகையிலும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். தொழில் தொடங்கி ஓர் ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. 'சான்று வாங்கித் தருகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். மாநகராட்சியின் சிறுதொழில் சேவைத் துறையே விண்ணப்பத்துக்கு இலவசமாக உதவுகிறது.

நம்மவர்களில் பலர் தடுக்கி விழுவது அடுத்த இரண்டு விதிகளில்.

ஒன்று, குடியுரிமை. அந்த 51 சதவீதத்தை வைத்திருப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு இது பொருந்தாது. எச்-1பி-காரரின் துணைக்கான எச்-4 விசாவோடு வேலை அனுமதி அட்டை வாங்கி, முறையாக எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) பதிந்து, வரியும் கட்டிக் கேட்டரிங் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தொழில் சட்டப்படி சரியானதுதான், ஆனால் இந்தச் சான்று கிடைக்காது. கிரீன் கார்டு வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதுவரை சும்மா இருக்கவும் தேவையில்லை. சான்று இல்லாமலேயே மாநகராட்சிக்கு விற்கலாம், மூன்றாம் படிக்கு நேராகப் போங்கள்.

இன்னொன்று, இடம். நிறுவனம் இவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும்: நியூயார்க் நகரின் பகுதிகளான ஐந்து பரோக்கள், நாசா, சஃபோக், வெஸ்ட்செஸ்டர், ராக்லண்ட், புட்னம் கவுண்டிகள், நியூஜெர்சியில் பெர்கன், ஹட்சன், பசேக் கவுண்டிகள். ஜெர்சி சிட்டி ஹட்சனில் இருப்பதால் பிரச்சினை இல்லை. தமிழர்கள் அடர்ந்து வாழும் எடிசன் மிடில்செக்ஸ் கவுண்டியில் இருக்கிறது, அது பட்டியலில் இல்லை. அங்கிருந்து விண்ணப்பிப்பவர், தன் வியாபாரத்துக்கும் நியூயார்க் நகரத்துக்கும் உண்மையான தொடர்பு இருப்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

பிறகு பினாமி விஷயம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணவர் நடத்தும் நிறுவனத்தில் மனைவியின் பெயருக்கு 51 சதவீதத்தை மாற்றிவிட்டு விண்ணப்பிக்கலாமே என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதைச் செய்து பார்த்தது. மின்பணி நிறுவனம். பங்குப் பத்திரம் மனைவி பெயரில், எலக்ட்ரீஷியன் உரிமம் கணவர் பெயரில். நேர்காணலில் அந்த அம்மாவிடம் கேட்ட கேள்விகளை அவரே என்னிடம் சொன்னார். போன மாதம் கொடுத்த கடைசி கொட்டேஷனின் தொகை எவ்வளவு? அந்த விலையை யார் முடிவு செய்தது? காசோலையில் யார் கையெழுத்திடுகிறார்? உங்கள் முதலீடு எந்தக் கணக்கிலிருந்து வந்தது? ஊழியர் ஒருவரை வேலையை விட்டு நீக்க வேண்டுமென்றால் யார் நீக்குவார்? மூன்றாவது கேள்விக்கே அவர் கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டாராம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதோடு போனதே நல்லது. பொய்யாகச் சான்று வாங்கி வேலையும் எடுத்தவர்கள் மீது குற்ற வழக்குகள் நடந்திருக்கின்றன.

மனைவிதான் உண்மையில் தொழிலை நடத்துகிறார், கணவர் ஒத்தாசை செய்கிறார் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. வங்கிக் கையெழுத்து அட்டை, கடை வாடகை ஒப்பந்தம், சப்ளையரோடு நடந்த மின்னஞ்சல் எல்லாவற்றிலும் அவர் பெயர் இயல்பாகவே இருக்கும்.

இரண்டாம் படி: காகிதங்களும் விண்ணப்பமும்

விண்ணப்பம் முழுக்க எஸ்.பி.எஸ். கனெக்ட் என்ற இணையதளத்தில்தான். உட்கார்வதற்கு முன் இவற்றை ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்போர்ட் அல்லது குடியுரிமைச் சான்று அல்லது கிரீன் கார்டு, நிறுவனப் பதிவு ஆவணம், எல்.எல்.சி. என்றால் உறுப்பினர் உடன்படிக்கை, கார்ப்பரேஷன் என்றால் பங்குப் பத்திரங்களும் பங்குப் பதிவேடும், வரித் தாக்கல்கள், வங்கிக் கையெழுத்து அட்டை, வாடகை ஒப்பந்தம், உரிமையாளர்களின் பணிவிவரம், தொழில் உரிமங்கள், செய்து முடித்த சில வேலைகளின் பில்கள்.

உறுப்பினர் உடன்படிக்கையைப் பலர் இணையத்திலிருந்து இறக்கிப் பெயரை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். அதை ஒரு முறையாவது படியுங்கள். 'எல்லா முக்கிய முடிவுகளுக்கும் உறுப்பினர் அனைவரின் ஒப்புதலும் தேவை' என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும், 51 சதவீதம் வைத்திருப்பவரின் கட்டுப்பாடு கேள்விக்குள்ளாகிவிடும். 49 சதவீதக்காரர் எதையும் தடுத்துவிட முடிகிறதே!

நியூயார்க்கில் எல்.எல்.சி. தொடங்குபவர்கள் மறக்கும் இன்னொன்று: 120 நாளுக்குள் இரண்டு பத்திரிகைகளில் ஆறு வாரம் அறிவிப்பு வெளியிட வேண்டும். மன்ஹாட்டன் முகவரி என்றால் இதற்கே நல்ல செலவு ஆகும். எந்தக் காலத்துச் சட்டமோ, பத்திரிகைகளை வாழவைக்க எழுதியது போலத்தான் இருக்கிறது.

நியூயார்க் மாநில அரசின் சான்றோ, துறைமுக ஆணையத்தின் சான்றோ, பள்ளிக் கட்டுமான ஆணையத்தின் சான்றோ ஏற்கெனவே கையில் இருந்தால் விரைவு வழியில் விண்ணப்பிக்கலாம், காகிதங்கள் குறையும். இந்தச் சான்றுகள் ஒவ்வொன்றும் தனித்தனி. மாநகராட்சிச் சான்றை மாநில அரசு வேலைக்குக் காட்ட முடியாது. மாநிலத் திட்டத்தில் உரிமையாளரின் சொந்தச் சொத்து மதிப்புக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அமெரிக்க மத்திய அரசு நிதியில் நடக்கும் சாலை, ரயில், விமான நிலைய வேலைகளுக்காகப் பின்தங்கியோரின் நிறுவனங்களுக்குத் தரும் டி.பி.இ. சான்று முற்றிலும் வேறு. 2025 அக்டோபரில் மத்தியப் போக்குவரத்துத் துறை அதில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது. பெண் என்பதாலோ சிறுபான்மை இனம் என்பதாலோ பின்தங்கியவர் என்று தானாகக் கருதும் வழக்கம் நீங்கி, ஒவ்வொருவரும் தன் நிலையைத் தனியாக நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மாநகராட்சித் திட்டமும் மூடப்பட்டுவிட்டதாக வாட்ஸாப்பில் பரப்பினார்கள். இரண்டும் வேறு வேறு.

மூன்றாம் படி: உங்களைத் தேடினால் கிடைக்க வேண்டும்

சான்று பெற்றதும் மாநகராட்சியின் இணையப் பெயர்ப்பட்டியலில் உங்கள் நிறுவனம் ஏறும். பொருள் வாங்க நினைக்கும் அதிகாரி அங்கேதான் தேடுவார். அதில் உங்கள் தொழிலைப் பற்றி நீங்களே எழுதும் நாலு வரிக்கு நான் கொடுத்த விலை பதினான்கு மாதம்.

நான் எழுதியிருந்தது இதுதான்: 'தரமான, நம்பகமான, முழுமையான அச்சுச் சேவைகள்.' ஒரு பயிலரங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொள்முதல் அதிகாரி ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "தரமான என்று யாரும் தேடமாட்டார்கள். வினைல் பேனர் என்று தேடுவேன், துண்டறிக்கை என்று தேடுவேன், எத்தனை நாளில் கிடைக்கும் என்று பார்ப்பேன்" என்றார். அன்றிரவே மாற்றினேன்: வினைல் பேனர், மூன்று மடிப்புத் துண்டறிக்கை, பல மொழி அச்சு, சீன, அரபு, வங்காள எழுத்துருக்கள், ஐந்து வேலை நாளில் டெலிவரி. ஆறு வாரத்தில் அந்த 1,800 டாலர் வேலை வந்தது. பல மொழி என்ற சொல்தான் இழுத்துவந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மாநகராட்சித் துறைகள் முக்கிய அறிவிப்புகளைப் பத்து மொழிகளில் வெளியிட வேண்டும். வங்காளமும் உருதுவும் அந்தப் பத்தில் உண்டு. தமிழ் இல்லை. பத்து மொழியிலும் அச்சடிக்கிறேன், ஒன்றுகூட என் மொழி இல்லை.

இதோடு இன்னும் இரண்டு தளங்களில் கணக்குத் தொடங்க வேண்டும், சான்று இல்லாதவர்களும்தான். ஒன்று, பி.ஐ.பி. எனப்படும் பணம் பெறுவோர் தளம். வரி எண், முகவரி, நேரடி வங்கி வரவு எல்லாம் இங்கே. மற்றொன்று பாஸ்போர்ட். நம் பயண பாஸ்போர்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மாநகராட்சியின் கொள்முதல் தளத்துக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். டெண்டர் பார்ப்பது, விலை கொடுப்பது, பெரிய ஒப்பந்தங்களுக்கான உறுதிமொழிகள் எல்லாம் இதற்குள்தான்.

நீங்கள் விற்கும் பொருளுக்கும் சேவைக்கும் உரிய குறியீட்டு எண்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இதில் அவசரப்படாதீர்கள். டெண்டர் அறிவிப்புகள் அந்தக் குறியீட்டின்படியே அனுப்பப்படுகின்றன. கேட்டரிங் நடத்துபவர் 'உணவுப் பொருள்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் அரிசி மூட்டை டெண்டர்தான் வரும், மதியச் சாப்பாட்டு வேலை கண்ணில் படாது. அதற்காகத் தெரியாத தொழிலையெல்லாம் குறித்துவைக்கவும் கூடாது. சம்பந்தமில்லாத அழைப்புகளுக்குப் பதில் எழுதியே பொழுது போய்விடும்.

நான்காம் படி: எந்த அளவு வேலையை எடுப்பது?

சான்றின் பலன் எங்கே இருக்கிறது என்பது இந்தப் படியில்தான் விளங்கும். மாநகராட்சி வாங்கும் முறை தொகையைப் பொறுத்து மாறுகிறது.

20,000 டாலர் வரையிலான பொருளையும் சேவையையும் துறையினர் போட்டி இல்லாமலேயே வாங்கலாம். கட்டுமானம் என்றால் 35,000 வரை. இதை நுண்கொள்முதல் என்கிறார்கள். அதற்கு மேல் 1,00,000 டாலர் வரை சிறு கொள்முதல், பட்டியலிலிருந்து சில நிறுவனங்களிடம் விலை கேட்பார்கள். அதையும் தாண்டினால் முறையான டெண்டர்.

சான்று பெற்றவர்களுக்கு மட்டும் இடையில் ஒரு தனிவழி உண்டு. முறையான டெண்டர் நடத்தாமலே உங்களிடமிருந்து நேராக வாங்கும் அதிகாரம் துறைகளுக்கு இருக்கிறது. 2017-இல் இதன் உச்சவரம்பு 1,50,000 டாலர். பிறகு 5,00,000, அதன் பிறகு 10 லட்சம், 2023-இல் 15 லட்சம் டாலர் என்று ஏறியது. என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்திலேயே உண்மையான பல் உள்ள பகுதி இது ஒன்றுதான்.

15 லட்சம் என்றதும் கண் அங்கே போகும். போகட்டும், கால் போக வேண்டாம். முதல் ஓர் ஆண்டு 20,000-க்குக் கீழேயே இருங்கள். அந்த அளவு வேலையில் ஆபத்து குறைவு, காகிதம் குறைவு. மேலும், முன்பின் தெரியாத ஒருவருக்குப் பெரிய தொகைக்கு நேராக வேலை கொடுக்க எந்த அதிகாரியும் துணியமாட்டார். மூன்று சிறிய வேலைகளைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்தவரிடம் நாலாவதாகப் பெரியது வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

வேலையை எங்கே பார்ப்பது? வார நாள்களில் வெளிவரும் சிட்டி ரெக்கார்ட் என்ற மாநகராட்சி நாளேட்டில், அது இணையத்திலும் உண்டு. 1873-இலிருந்து வருகிறது. ஆனால் சிறிய வேலைகள் பலவும் அதில் வருவதே இல்லை. அவை அதிகாரியின் மின்னஞ்சல் பெட்டிக்குள் பிறந்து அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதனால் ஆளைத்தான் தேட வேண்டும். ஒவ்வொரு துறையிலும் தலைமைக் கொள்முதல் அதிகாரி ஒருவரும், இந்தத் திட்டத்துக்கென்றே ஓர் அதிகாரியும் இருப்பார்கள். எல்லாத் துறைக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். உங்கள் பொருளை உண்மையிலேயே வாங்கக்கூடிய மூன்று துறைகளைத் தேர்ந்தெடுங்கள். பூங்காத் துறைக்குப் பேனர் வேண்டும், சுகாதாரத் துறைக்குத் துண்டறிக்கை வேண்டும், வீட்டுவசதித் துறைக்கு அறிவிப்புத் தாள் வேண்டும். ஒரே பக்கத்தில் என்ன விற்கிறீர்கள், யாருக்குச் செய்திருக்கிறீர்கள், சான்று எண், குறியீட்டு எண், கைபேசி எண். அவ்வளவு போதும். நிறுவன வரலாறும் லட்சிய வாசகமும் அந்தப் பக்கத்துக்கு வேண்டாம்.

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மீதமிருக்கும் நிதியைச் செலவழிக்கத் துறைகள் பறக்கும். மார்ச் மாதமே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

தீபாவளி இனிப்புப் பெட்டி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நகரோடு வியாபாரம் செய்பவரிடமிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை மாநகராட்சி ஊழியர் வாங்கக் கூடாது. ஓர் ஆண்டில் கொடுத்ததையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். நல்லெண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்களுக்கு உதவிய மனிதரையே சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். நன்றி என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள், அவருடைய மேலதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும். இனிப்பைவிட அது அவருக்கு அதிகம் பயன்படும்.

ஐந்தாம் படி: விலை கொடுக்கும்போது

துப்புரவு, காவல், கட்டுமானம் போன்ற தொழில்களில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த வேலைகளுக்கு நகர அரசு நிர்ணயித்த நடைமுறைக் கூலி உண்டு. அது குறைந்தபட்சக் கூலியைவிட அதிகம், சலுகைகளுக்கான தொகையும் சேர்த்துத் தர வேண்டும். கட்டடத் துப்புரவு, காவல் வேலைகளில் 1,500 டாலரைத் தாண்டும் ஒப்பந்தத்துக்கே இது பொருந்தும். கூலி அட்டவணையைக் கணக்குக் கண்காணிப்பாளர் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் கடைக்காரரிடம் கேட்கும் விலையைக் கேட்டு வேலை எடுத்தால் கைக்காசைப் போட்டுத்தான் முடிக்க வேண்டும்.

காப்பீட்டையும் விலைக்குள் சேருங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் நியூயார்க் மாநகராட்சியின் பெயரையும் கூடுதலாகக் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கக் கேட்பார்கள். தொழிலாளர் இழப்பீட்டுக்கு சி-105.2 படிவமும், உடல்நலக் குறைவுக் காப்பீட்டுக்கு டிபி-120.1 படிவமும் வேண்டும். முகவர்கள் வழக்கமாக அனுப்பும் அகார்டு என்ற பொதுவான காப்பீட்டுச் சான்றுத் தாளை இந்த இரண்டுக்கும் ஏற்கமாட்டார்கள். இதை முன்பே முகவரிடம் சொல்லிவையுங்கள், கடைசி நாளில் அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

பெரியவர்களுக்குக் கீழே உள்ஒப்பந்தம்

1,00,000 டாலரைத் தாண்டும் ஒப்பந்தங்கள் பலவற்றில், இத்தனை சதவீதம் சான்று பெற்றவர்களுக்குப் போக வேண்டும் என்று துறை இலக்கு வைக்கும். பெரிய ஒப்பந்ததாரர் அதை நிறைவேற்றுவதற்கான திட்டத்தை விலையோடு சேர்த்தே தர வேண்டும். அதனால் டெண்டர் முடிவதற்கு முந்தைய வாரம் முன்பின் தெரியாதவர்கள் உங்களை அழைத்து, 'உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?' என்பார்கள். வேலை கிடைத்ததும் அவர்களில் சிலர் மறந்துவிடுவார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. பெயர் கொடுப்பதற்கு முன் என்ன வேலை, எவ்வளவு தொகை என்று எழுத்தில் வாங்குங்கள். துறை உங்களை உள்ஒப்பந்ததாரராக ஏற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள். பொதுக் கட்டுமானங்களில், தனக்குப் பணம் வந்த 7 நாளுக்குள் பெரியவர் உங்களுக்குத் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். இதைத் தெரிந்தவர் போலப் பேசினாலே பாதிப் பேர் ஒழுங்காகத் தந்துவிடுகிறார்கள்.

பணம்

கையிலே காசு, வாயிலே தோசை என்ற வியாபாரம் இது இல்லை. பெரிய ஒப்பந்தம் என்றால் அது கணக்குக் கண்காணிப்பாளரிடம் பதிவாக வேண்டும். பதிவாகாமல் ஒரு டாலர்கூட வராது. அவருக்கு அதற்கு 30 நாள் அவகாசம். ஆனால் துறையிலிருந்து காகிதம் அவரிடம் போய்ச் சேர்வதற்கே மாதக்கணக்கில் ஆவதுண்டு. 'வேலையை ஆரம்பித்துவிடுங்கள், பதிவு வந்துவிடும்' என்று யாராவது சொன்னால், பணமே வராமல் எத்தனை மாதம் கூலி கொடுக்க முடியும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தத்தைக் காட்டிக் குறைந்த வட்டிக்குக் கடன் பெற மாநகராட்சியே ஒரு நிதியம் வைத்திருக்கிறது. வெளியில் வட்டிக்குப் போவதற்கு முன் அதை விசாரியுங்கள்.

இனி என் பில்லின் கதை. துண்டறிக்கைகளைக் கொடுத்துவிட்டு, கடையில் எல்லோருக்கும் போடுவது போல 8.875 சதவீத விற்பனை வரியைச் சேர்த்து 1,959 டாலர் 75 சென்டுக்குப் பில் போட்டேன். கொள்முதல் ஆணை எண்ணை எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து விசாரித்தால், பில் நிராகரிக்கப்பட்டு எங்கோ கிடந்தது. மாநகராட்சி விற்பனை வரி கட்டாது, அதற்கு விலக்கு உண்டு. சரியான பில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் வட்டி என்று விதி இருக்கிறது. அதில் 'சரியான' என்ற சொல்லுக்குத்தான் எடை. தவறான பில் போட்ட நாளிலிருந்து எந்தக் கணக்கும் ஓடாது. இப்போது என் பில்லில் இவை இருக்கின்றன: ஆணை எண், வேலையைக் கொடுத்த தேதி, வாங்கிக்கொண்டவர் கையெழுத்திட்ட டெலிவரிச் சீட்டின் நகல், ஆணையில் எந்தச் சொல்லில் எழுதியிருந்ததோ அதே சொல்லில் பொருளின் விவரம். அனுப்பிய பத்தாம் நாள் ஒரு மின்னஞ்சல், 'பில் ஏற்கப்பட்டதா?' என்று.

சான்று ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க மறந்தால் பெயர்ப்பட்டியலிலிருந்து நீங்கிவிடும். இடையில் முகவரியோ பங்கோ மாறினாலும் தெரிவிக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டிவிட்டால் தேதி கண்ணில் படுவதில்லை என்பதால், முடிவு நாளைத் தினசரிக் காலண்டரில் பெரிதாக எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். சட்டமும் பிள்ளையார் பக்கத்திலேயே இருக்கிறது.